வடக்கு டகோட்டாவின் ஒரே மாணவி

வெஸ்ட்மேர் பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது என்று ரோண்டா வெட்ஸ்டைனைக் கேட்டால், கணினிக்குள்ளே இருக்கிறது என்றுதான் சொல்வாள். மூன்று வருஷம் அங்கே கல்வியியல் முதுகலை படித்தவள் அதன் வாசற்படியை மிதித்ததே இல்லை. வாசற்படி தெற்கே, பனி என்றால் என்னவென்றே தெரியாத ஏதோ ஓர் ஊரில் இருந்தது. இவள் இருந்ததோ வடக்கு டகோட்டாவில், கனடா எல்லைக்கு இந்தப் பக்கம், எழுநூறு பேர் வாழும் கெர்ஷ்நர் என்ற ஊரில். ஆனாலும் ஒவ்வொரு பருவமும் வளாகத்து நீச்சல்குளத்துக்குக் கட்டணம் கட்டினாள். உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கட்டினாள். வண்டி நிறுத்துவதற்கும் கட்டினாள். ஒருமுறை வயிறெரிந்து போன் போட்டு, "ஆயிரத்தெண்ணூறு மைல் தள்ளி இருக்கேன், என் வண்டியை அங்க எப்படி நிறுத்துறது?" என்று கேட்டாள். மறுவாரமே வண்டிக் கண்ணாடியில் ஒட்டுகிற வில்லை ஒன்று தபாலில் வந்தது. 'பி பகுதியில் மட்டும்' என்று அதில் அச்சடித்திருந்தது.

இத்தனை எரிச்சலோடு எதற்குப் படிக்கவேண்டும் என்று கேட்பீர்கள். ஆசைப்பட்டா படித்தாள்? கெர்ஷ்நர் பள்ளியில் சிறப்புக் குழந்தைகளுக்கென்று ஒரு வகுப்பறை உண்டு. அதன் டீச்சர் ஒரு ஜனவரி மாதம் சொல்லாமல் கொள்ளாமல் அரிசோனாவுக்குப் போய்விட்டாள். விளம்பரம் கொடுத்துப் பார்த்தார்கள், ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. பள்ளிகளின் கண்காணிப்பாளர் லைல் ஓஸ்ட்லி, ஆள் இல்லாத நாட்களில் பஸ்ஸையும் தானே ஓட்டுகிற மனுஷர், மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ரோண்டாவிடம் வந்து கெஞ்சினார். உரிமம் கொடுக்கிற வாரியம் அவளுக்கு மூன்று வருஷத் தற்காலிக அனுமதி கொடுத்தது. அதற்குள் அவள் முதுகலையை முடித்துவிட வேண்டும். மூன்றாம் வருஷம் ஜூலை முடியும்போது கையில் பட்டம் இல்லையென்றால் வகுப்பறையைப் பூட்டிவிட்டு, ஏழு பிள்ளைகளையும் பக்கத்து மாவட்டத்துக்கு பஸ்ஸில் அனுப்ப வேண்டியதுதான். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

அந்த ஏழு பேரில் ஐவி என்று ஒருத்தி. ஏழு வயது, பேச்சு கிடையாது, முதல் வருஷம் முழுக்க மேசைக்கு அடியிலேயே குடியிருந்தாள். ரோண்டாவும் அவளோடு மேசைக்கு அடியில் உட்கார்ந்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே பாடம் நடத்தி, அடுத்த வருஷம் அவளை நாற்காலிக்குக் கொண்டுவந்தாள். பள்ளி பஸ்ஸின் இரைச்சலைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற குழந்தை அவள். நாளைக்கு மூன்று மணி நேரம் பஸ் என்றால் மறுபடி மேசைக்கு அடியில்தான் போய்ச் சேருவாள். ரோண்டா வீட்டை இரண்டாம் முறை அடமானம் வைத்துப் படித்தது இதற்குத்தான், பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துப் போட்டுக்கொள்வதற்கு இல்லை.

வெஸ்ட்மேரின் பெருமை அதன் பாடம் இல்லை, வாத்தியார்களும் இல்லை. ஒரு வரைபடம். இணையதளத்தைத் திறந்ததும் அமெரிக்கா முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும். 'ஐம்பது மாநிலங்கள், ஒரே குடும்பம்' என்று மேலே எழுதியிருக்கும். எந்த மாநிலத்தில் மாணவர் இருக்கிறாரோ அது ஆரஞ்சு, இல்லையென்றால் வெள்ளை. வெள்ளையே கிடையாது என்பதுதான் பெருமை. டெக்ஸாஸில் நானூறு பேர் படித்தார்கள், கலிபோர்னியாவில் இன்னும் அதிகம். வடக்கு டகோட்டாவில் ரோண்டா படித்தாள். அவ்வளவுதான், அவள் ஒருத்திதான்.

அந்தக் குடும்பத்தில் எல்லா நிறத்து மனிதர்களும் இருந்தார்கள், எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள், எல்லோரும் ஒரே வாக்கியத்தை எழுதினார்கள். ஏனென்றால் அப்படி எழுதினால்தான் மதிப்பெண். வாரம் ஒரு கருத்து எழுதவேண்டும், சக மாணவர் இருவருக்குப் பதில் எழுதவேண்டும், பதில் கனிவாக இருக்கவேண்டும். அதனால் அலாஸ்கா மீனவரின் மனைவியும் அலபாமா பாதிரியாரும், "உங்கள் பார்வையை நான் மிகவும் மதிக்கிறேன்" என்றே ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் ஒருத்தன் வாய்க்கு வந்ததை எழுதிவைத்திருந்தான். பேசாத குழந்தைகளுக்கு யோசனையும் இருக்காது என்றான். ரோண்டா "இது தப்பு" என்று எழுதி, ஏன் தப்பு என்பதையும் எழுதினாள். கனிவுக் குறைவுக்காக அவளுக்கு நான்கு மதிப்பெண் போயிற்று. அவனுக்கு முழு மதிப்பெண்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் பாடம் நடத்துகிறவர், "வடக்கு டகோட்டாவின் குரல் இதில் என்ன சொல்கிறது?" என்று கேட்டுவிடுவார். எழுத்துக்கூட்டிப் படிக்கவைப்பதில் வடக்கு டகோட்டாவுக்கென்று தனிக் குரல் ஏது? எல்லா இடத்துப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் திக்கும் என்று எழுதிப் பார்த்தாள். ஏமாற்றமாக இருக்கிறது என்று குறிப்பு வந்தது. பனியைப் பற்றி ஏதாவது உண்டா என்றும் கேட்டிருந்தார்கள். சரி போ என்று பனியைச் சேர்த்தாள். முழு மதிப்பெண் விழுந்தது. அன்றிலிருந்து கூட்டல் கழித்தலில் பனி, குழந்தை உளவியலில் பனி, பள்ளி நிதி நிர்வாகத்தில் இரண்டு பக்கம் பனி. அவளுடைய ஆய்வுக்கட்டுரையை 'உறைபனியின் உண்மைக் குரல்' என்று யாரோ ஒரு பேராசிரியர் புகழ்ந்தார். அது பிள்ளைகளைக் கழிப்பறைக்குப் பழக்குவது பற்றிய கட்டுரை.

எப்படியோ மூன்றாம் வருஷம் மே மாதம் எல்லாப் பாடமும் முடிந்தது. ஒன்றைத் தவிர. கடைசிப் பாடத்தின் பெயர் 'சொந்தம் என்னும் உணர்வு'. எல்லாக் கட்டுரையும் கொடுத்தாயிற்று, எல்லோரையும் மதித்தாயிற்று. மதிப்பெண் இருக்கவேண்டிய இடத்தில் 'தொடர்கிறது' என்று மட்டும் போட்டிருந்தது.

அவளுக்கென்று பல்கலைக்கழகம் ஒரு வெற்றிப் பயிற்சியாளரை நியமித்திருந்தது. பெயர் ட்ரெவின். குரலைக் கேட்டால் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட அழுதிருக்க மாட்டான் என்று தோன்றும். அவனைக் கூப்பிட்டாள்.

"ரோண்டா, எப்படி இருக்கீங்க? அங்க பனி எப்படி?"

"மே மாசம், ட்ரெவின். பனி இல்ல. என் கடைசி மார்க் ஏன் வரல?"

"அருமையான கேள்வி. சொந்தம்ங்கிறது வாழ்நாள் பயணம் இல்லையா? அதை முடிஞ்சுதுன்னு நாங்க எப்படிப் போட முடியும்?"

"மத்தவங்களுக்கு முடிஞ்சிருக்கே. ஒஹாயோக்காரி போன வாரமே பட்டம் வாங்கிட்டா."

"ஒஹாயோவுக்கு முடிஞ்சிடும். ஒஹாயோல நிறைய பேர் இருக்காங்க." அவன் இதை ஒளிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னான். ஜூலையில் பல்கலைக்கழகத்துக்குத் தரச்சான்று கொடுக்கிற குழு பார்வையிட வருகிறதாம், அக்டோபரில் மாணவர்களை மாநில வாரியாக எண்ணுகிற நாளாம். அதுவரை எந்த மாநிலமும் வெள்ளையாகிவிடக் கூடாதாம். வயோமிங்கில் இரண்டு பேர் இருந்ததால் ஒருத்தருக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்களாம். "அக்டோபருக்கு அப்புறம் உங்க சொந்தம் முடிஞ்சிடும்னு நம்பறேன்" என்றான். தொடர்கிறவரை தொடர்பதிவுக் கட்டணம் உண்டு என்பதையும், நீச்சல்குளம் அதில் அடக்கம் என்பதையும் மறக்காமல் சொன்னான்.

இரவுச் சாப்பாட்டில் புருஷன் டேலிடம் சொன்னாள். அவன் விதைக்கிற இயந்திரத்தோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு வந்திருந்தான். இறைச்சியும் காய்கறியும் கலந்து, உருளைக்கிழங்கு மேலே மொறுமொறுவென்று வெந்த ஹாட்டிஷைத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு முழுக்கதையையும் கேட்டான்.

"அப்ப நீ நல்லாப் படிச்சதுதான் தப்பா?"

"தப்பு அது இல்ல. இங்க குடியிருக்கிறது."

வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளலாமே என்றான். விசாரித்தாயிற்று, பன்னிரண்டு பாடத்தில் இரண்டைத்தான் ஏற்பார்களாம், மிச்சத்தைப் பணம் கட்டித் திரும்பப் படிக்கவேண்டுமாம். வக்கீல் வைக்கலாமே என்றான். வக்கீலுக்குக் கொடுக்க எந்த வீட்டை அடமானம் வைப்பது என்று இவள் கேட்டாள். டேல் எழுந்து தட்டைக் கழுவப் போனான்.

லைலிடம் போய் அக்டோபர்வரை பொறுக்க முடியுமா என்று கேட்டாள். அவர் வாரியத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். விதி விதிதான் என்று மூன்று பதில் வந்தது, மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோலவே இருந்தன.

அதற்குப் பிறகுதான் அவள் பெரிய இடத்துக்கே எழுதிப் போட்டாள். பல்கலைக்கழகத்தின் பன்முகத்தன்மை மற்றும் அரவணைப்பு இயக்குநர் டாக்டர் குவென்டின் பார்டோ கணினித் திரையில் நேரிலேயே தோன்றினார். பின்னால் ஆறடி உயரத்துக்கு அந்த ஆரஞ்சு வரைபடம். பேசும்போதெல்லாம் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ரோண்டா, உங்களை நாங்க ஒரு மாணவியா மட்டும் பாக்கல. நீங்க இந்த நாட்டுல ரெண்டு சதவீதம். ஐம்பதுல ஒண்ணு. டெக்ஸாஸ்ல நானூறு பேர் இருக்காங்க, அவங்கள்ல யாராவது நாளைக்குக் காணாமப் போனா எனக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனா உங்க பேர் எனக்குத் தெரியும். காலைல எழுந்ததும் நீங்க இன்னும் பதிவுல இருக்கீங்களான்னு நானே பாக்கறேன். இதைவிடச் சொந்தம்னா என்ன?"

"எனக்கு வேலை போயிடும், டாக்டர். ஏழு பிள்ளைங்க பஸ்ல போகணும்."

"அந்த வலியை நான் கேக்கறேன். அதை எழுதுங்க. உங்க குரல் எங்களுக்குத் தேவை. கிராமப்புறப் பிள்ளைங்க கல்வி கிடைக்காம கஷ்டப்படுறாங்கன்னு நம்ம குழுவுக்குத் தெரியணும் இல்லையா?"

"கஷ்டப்படுத்துறதே நீங்கதானே?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. இதுதான், இந்த நேர்மைதான், வடக்கு டகோட்டாவை இழக்க முடியாததற்குக் காரணம் என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். அவளுடைய மாநிலத்திலிருந்து வேறு யாராவது சேர்ந்து முதல் பருவக் கட்டணத்தைக் கட்டிவிட்டால், ரோண்டாவின் சொந்தம் ஒரே வேலைநாளில் பூர்த்தியாகிவிடும்.

ஆள் பிடிக்கிற வேலை. அதையும் செய்தாள், பாவம். தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் ஞாயிறு காபி குடிக்க வந்தவர்களிடமெல்லாம் கல்வியியலின் பெருமையைச் சொல்லிப் பார்த்தாள். பாதிரியாருக்கு ஏற்கெனவே இரண்டு பட்டம் இருந்தது, இரண்டுக்கும் கடனும் இருந்தது. தானியக் கிடங்கை நடத்துகிற வெர்ன், நீச்சல்குளம் உண்டு என்று தெரிந்ததும் சேர்ந்துவிடத் தயாரானார். கல்லூரிப் பக்கமே போகாதவர் என்பதால் அவரை எடுக்க முடியவில்லை.

சேரக்கூடியவள் கெர்ஷ்நரிலேயே ஒருத்திதான் இருந்தாள். ரோண்டாவின் வகுப்பில் உதவியாளராக இருக்கிற ஜோலீன். இருபத்தேழு வயது, வேளாண் பொருளாதாரத்தில் இளங்கலை முடித்தவள், இரண்டு சின்னப் பிள்ளைகள், புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ரோண்டாவுக்கு அடுத்து ஐவி ஒட்டிக்கொள்கிற ஆள் அவள்தான். ரோண்டா அவளிடம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் எழுநூறு பேர் ஊரில் எது மறைகிறது? ஒரு திங்கட்கிழமை ஜோலீன் கண்கள் மின்ன வந்து நின்றாள். ட்ரெவினோடு பேசிவிட்டாளாம். அவளைப்போல ஒருத்தியைத்தான் வெஸ்ட்மேர் தேடிக்கொண்டிருந்ததாம். அப்பா விட்டுப்போன பிக்கப் வண்டியை விற்றால் முதல் பருவத்துக்குச் சரியாக இருக்குமாம்.

ரோண்டா தலையை ஆட்டினால் போதும், நாளைக் காலை பட்டம் வந்துவிடும். வகுப்பறை பிழைக்கும், ஐவி பிழைப்பாள். மூன்று வருஷம் கழித்து இதே ஜோலீன் இதே இடத்தில் நின்று ஆள் பிடிக்கப் போவாள், கெர்ஷ்நரில் அப்போது யார் மிச்சம் இருப்பார்கள்?

"சேராத, ஜோலீன்."

ஜோலீனின் முகம் சுருங்கியது. "உனக்கு மட்டும் இருக்கணும், எனக்கு வேண்டாமா? மேசையைத் துடைக்கத்தான் நான் லாயக்குன்னு நெனைக்கிறியா?"

அந்தப் பேச்சு சுட்டது. ரோண்டா கதவைச் சாத்திவிட்டு, நெஞ்சில் கை வைத்த டாக்டர் முதல் ஒரே வேலைநாள் வரை எல்லாவற்றையும் சொன்னாள். ஜோலீன் பிள்ளைகளின் சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள்.

"நான் சேர்ந்தா உனக்கு நாளைக்கே கிடைச்சிருக்கும்."

"கிடைச்சிருக்கும். உன் வண்டியை வித்து எனக்கு ஒரு பட்டம் வேண்டாம்."

ஜூலையில் தரச்சான்றுக் குழு வந்தது. வந்தது என்றால் திரையில் மூன்று கட்டங்களில் மூன்று முகங்கள். மாணவர்கள் பேசுகிற நேரத்துக்கு பார்டோ ரோண்டாவைத்தான் முதலில் நிறுத்தினார். கூச்ச சுபாவமுள்ள கிராமத்துப் பெண், பனியைப் பற்றி நாலு வார்த்தை சொல்வாள் என்று நினைத்திருப்பார். குழுவின் தலைவி, வெள்ளைத் தலைமுடி, கனிந்த முகம், வெஸ்ட்மேரில் உங்களுக்குச் சொந்தம் என்ற உணர்வு இருக்கிறதா என்று கேட்டாள்.

ரோண்டாவுக்கு மூன்று வருஷக் கனிவும் அன்றைக்குத் தீர்ந்துபோயிற்று.

"எனக்கு உங்க சொந்தமே வேண்டாம்" என்றாள். "காசு கட்டினேன், படிச்சேன், முடிச்சேன். பட்டத்தைக் குடுக்காம வெச்சிருக்காங்க. ஏன்னா நான் போனா அந்தப் படத்துல ஒரு ஓட்டை விழும். இந்த மாசம் முடிஞ்சா என் வகுப்பைப் பூட்டிடுவாங்க. என்கிட்ட ஒரு பொண்ணு இருக்கா, பேசமாட்டா. அவளை நாற்காலில உக்கார வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. நீங்க ஒரு மாநிலத்துக்குக் கலர் அடிக்கிறதுக்காக அவளைத் திரும்பத் தரையில தள்ளுறீங்க. பன்முகத்தன்மைன்னு இதுக்குப் பேர் வெக்காதீங்க. ஆளைப் பிடிச்சு வெக்கிறதுன்னு சொல்லுங்க."

தலைவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரோண்டாவுக்கு அந்த நொடியில் நம்பிக்கை வந்தது, இதைச் சொல்லியாகவேண்டும்.

"எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு" என்றாள் தலைவி. "இவ்வளவு பெரிய சபையில இப்படி மனசு திறந்து பேசுற தைரியம் உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு? இந்தப் படிப்புலயிருந்தா?"

ரோண்டா வாயைத் திறப்பதற்குள் பார்டோ நெஞ்சில் கை வைத்து, "அதுக்குத்தான் நாங்க பாடுபடுறோம்" என்றார். அடுத்து ரோட் ஐலண்ட் மாநிலத்தைக் கூப்பிட்டார்கள்.

அறிக்கை இரண்டே வாரத்தில் வெளிவந்தது. வெஸ்ட்மேருக்குப் பத்து வருஷத் தரச்சான்று. 'கிராமப்புற மாணவர்கள் அச்சமின்றி விமர்சிக்கும் சூழல் உள்ளது' என்று தனிப் பாராட்டு. அந்தப் பாராட்டையே தலைப்பாகப் போட்டு, ரோண்டா ஆவேசமாகப் பேசுகிற படத்தை இணையதள முகப்பில் ஏற்றினார்கள். அடுத்த வருஷக் கட்டணம் நூற்றுக்கு ஆறு கூடியது. ரோண்டா கேட்ட பட்டம் மட்டும் வரவில்லை. ஜூலை முடிந்தது, அனுமதியும் முடிந்தது.

ஆகஸ்டில் லைல் வீட்டுக்கே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பஸ்ஸைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது, சொன்னால் நீ என்னை அடிப்பாய் என்றார். டீச்சர் வராத நாளில் வருகிற பதிலி ஆசிரியருக்கு முதுகலை வேண்டியதில்லை. இளங்கலைகூட வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் முடித்திருந்தால் போதும், குற்ற வழக்கு எதுவும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

"வாரியம் இதுக்கு ஒத்துக்குதா?"

"பதிலியை வாரியம் கண்டுக்காது. தினக்கூலி, ரோண்டா. பாதிகூட வராது. மருத்துவக் காப்பீடு கிடையாது. பெத்தவங்களோட உக்காந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் படிப்புத் திட்டம் போட முடியாது, அதுல கையெழுத்துப் போட முடியாது. அதை நான் போடறேன், எனக்கு ஒரு மண்ணும் தெரியாது." அவர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். "வேண்டாம்னு சொல்லு, புரிஞ்சுக்குவேன்."

பன்னிரண்டு பாடம் படித்தவளுக்கு அந்த அறைக்குள் நுழையத் தகுதியில்லை. ஒன்றுமே படிக்காதவளாக வந்தால் நுழையலாம். ரோண்டா அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தவேண்டும்போல இருந்தது. எங்கே போய்க் கத்துவது? கத்தினால் அதையும் முகப்பில் போட்டுவிடுவார்கள்.

பள்ளி திறந்த அன்று காலை பிள்ளைகள் வருவதற்கு முன்னால் போனாள். அலுவலகத்தில் பதிலிகள் நிரப்புகிற தாளை எடுத்துவைத்தாள் ஜோலீன். அவளுடைய ஒரு நாள் சம்பளம் இனி ரோண்டாவுடையதைவிட அதிகம். அவள் ரோண்டாவின் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மட்டும் நீட்டினாள்.

பதிலி ஆசிரியரின் பெயர் என்ற இடத்தில் ரோண்டா வெட்ஸ்டைன் என்று எழுதினாள். வராத ஆசிரியரின் பெயர் என்ற இடத்திலும் ரோண்டா வெட்ஸ்டைன் என்று எழுதினாள். வராததற்கான காரணத்துக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. நோய், துக்கம், நீதிமன்ற அழைப்பு, உயர்கல்வி. வெளியே முதல் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவள் கடைசிக் கட்டத்தில், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் குறி போட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள்.